சுவரைப் பார்த்து டிரில் வாங்குங்கள்

பால் காய்ச்சிக் குடிபோன கையோடு எல்லா வீட்டிலும் எழும் முதல் பேச்சு ஜன்னல் திரை. கம்பியும் பிராக்கெட்டும் கடையில் கிடைத்துவிடும், மாட்டத்தான் ஆள் கிடைக்காது. நாலு ஓட்டைக்காக எலெக்ட்ரீஷியனோ தச்சரோ மெனக்கெட்டு வருவதில்லை. வந்தாலும் ஓட்டைக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்வார். சொந்தமாகவே ஒரு டிரில் வாங்கிவிடலாம் என்று பலரும் முடிவெடுப்பது அந்த நேரத்தில்தான். ஆன்லைனில் தள்ளுபடி விலையில், நூறு சாமான்கள் அடங்கிய பெட்டியாக ஒன்று வந்து சேர்கிறது. ஜன்னலுக்கு மேலே வைத்து அழுத்தினால் பூச்சு பொலபொலவென்று உதிர்கிறது, அரை அங்குலம் இறங்குகிறது, அதற்கு மேல் நகர மறுக்கிறது. கொஞ்ச நேரத்தில் பிட்டின் முனை கருகிப் போகிறது. மெஷின் மட்டம் என்று பெட்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

மெஷின் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். இடம்தான் அப்படி. நம் ஊர் வீடுகளில் கதவு, ஜன்னல் தலைக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 7 அடி உயரத்தில், கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் லிண்டல் ஓடுகிறது. ஜன்னலுக்கு மேலுள்ள செங்கல் பாரத்தை அதுதான் தாங்குகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடும் பெரும்பாலும் அதனோடு சேர்த்து வார்த்ததுதான். திரைக்கம்பிக்காக எல்லோரும் கை வைப்பது மிகச் சரியாக அந்த லிண்டலில். சுலபம் என்று நினைத்துத் தொடங்கும் வேலை வீட்டிலேயே கெட்டியான இடத்தில் போய் முட்டுகிறது. அரை அடி மேலே தள்ளிப் போட்டால் மறுபடி செங்கல் வந்துவிடும், அதே மெஷின் சிரமமில்லாமல் இறங்கும்.

அதனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கைப் படிப்பதற்கு முன்னால் வீட்டுச் சுவரைப் படிக்க வேண்டும். விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது ஓரளவுக்குத்தான் உதவும். மறைவான ஒரு மூலையில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, விழுகிற தூளைப் பார்ப்பது நல்ல வழி. முதலில் வருவது பூச்சின் சிமென்ட் தூள், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அரை அங்குலம் தாண்டியதும் தூள் செந்நிறமாக மாறினால் செங்கல். சாம்பல் நிறமாகவே வந்து பிட்டும் திணறினால் கான்கிரீட். சாம்பல் நிறம், ஆனால் சுமாரான வேகத்தில் இறங்குகிறது என்றால் ஃபிளை ஆஷ் கல்லாகவோ சாலிட் பிளாக்காகவோ இருக்கும். வெளிறிய தூள் மாவுபோலக் கொட்டி, பிட் தடையே இல்லாமல் உள்ளே போனால் அது ஏ.ஏ.சி. பிளாக் என்கிற காற்றுக்குமிழ்க் கல். தண்ணீரில் போட்டால் மிதக்கும் அளவுக்கு லேசான கல் அது. அதில் ஓட்டை போட வீரம் தேவையில்லை, போட்ட ஓட்டையில் ஸ்க்ரூவை நிற்க வைப்பதுதான் பாடு.

செங்கல் வீட்டிலும் எல்லா இடமும் செங்கல் அல்ல. மூலைகளில் பில்லர் இருக்கும், மேல்தளத்தை ஒட்டி பீம் இருக்கும், லாஃப்ட் பலகையும் கான்கிரீட்தான். ஆனாலும் சாமி படம், கடிகாரம், அலமாரி, சாவி மாட்டும் கொக்கி என்று நாம் மாட்டும் பொருள்களில் பெரும்பாலானவை செங்கல் பகுதியில்தான் விழும். புதிய அடுக்குமாடிகளின் கதை வேறு. அலுமினியப் பலகைகளை நிறுத்தி, சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட்டில் எடுக்கும் முறை பெரிய குடியிருப்புகளில் வந்துவிட்டது. கட்டடக்காரர்கள் அதை மைவான் என்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் சுவரில் செங்கல்லே கிடையாது, காலண்டர் மாட்டுவதும் கான்கிரீட்டைக் குடைகிற வேலைதான். உங்கள் வீடு எது என்று பில்டரிடமோ மேஸ்திரியிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மெஷின் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

கடையில் டிரில் என்று கேட்டால் மூன்று வகை மெஷின்களை எடுத்து வைப்பார்கள். வெளித்தோற்றத்தில் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே ஓடும் விஷயம் வேறு வேறு.

முதலாவது சாதா டிரில். பிட்டைச் சுற்றும், அவ்வளவுதான். மரம், இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு இது போதும். தச்சர்களும் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர்களும் இதைத்தான் விரும்புகிறார்கள், ஏனென்றால் எடை குறைவு, பிட் ஆடாமல் நிற்கும். சுவர் வேலைக்கு வாங்குபவருக்கு இது ஆகாது.

இரண்டாவது இம்பாக்ட் டிரில். நம் வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான். இதன் தலைப்பகுதிக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். இரண்டு சோடா மூடிகளின் விளிம்புகளைப் பல்லோடு பல் பொருத்தி, அழுத்திக்கொண்டே திருகினால் ஒன்றின்மேல் ஒன்று தத்தித் தத்தி ஏறி விழுமே, அதே வேலைதான் உள்ளேயும் நடக்கிறது. ஒவ்வொரு பல்லைத் தாண்டும்போதும் பிட் ஒரு முறை முன்னே தள்ளப்பட்டுச் சுவரை அடிக்கிறது. தட்டில் 16 பற்கள், நிமிடத்துக்கு 2,600 சுற்று என்றால் 41,600 அடிகள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் அந்த எண் வருவது இந்தப் பெருக்கலில்தான். ஒவ்வொரு அடியும் மிகச் சின்னது என்பதைப் பெட்டி சொல்லாது. அடியின் பலம் நீங்கள் பின்னாலிருந்து கொடுக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது, அழுத்தாவிட்டால் பல்லும் பல்லும் சரியாகக் கவ்வாது. செங்கல்லுக்கு இந்தச் சின்ன அடி தாராளமாகப் போதும். கான்கிரீட்டில் 6 மி.மீ. ஓட்டை போட முடியும், ஆனால் தோள் வலிக்கும்.

மூன்றாவது ரோட்டரி ஹேமர். ஏ.சி. மாட்ட வருகிறவர்கள் தோளில் சுமந்து வருவது இந்த வகை. இதில் பல் தட்டு கிடையாது. மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் ஓட்டுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் அடைபட்ட காற்று அமுங்கி, ஒரு இரும்புச் சுத்தியைத் தள்ளி, பிட்டின் முதுகில் அடிக்க வைக்கிறது. நிமிடத்துக்கு நான்கைந்தாயிரம் அடிதான், இம்பாக்ட் டிரில்லின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஒவ்வொன்றும் உண்மையான சுத்தியல் அடி. அந்தப் பலத்தை ஜூல் கணக்கில் எழுதியிருப்பார்கள், வீட்டுக்கு ஏற்ற சின்ன மெஷினில் 2 ஜூலை ஒட்டி இருக்கும். நீங்கள் அழுத்தத் தேவையில்லை, நேராகப் பிடித்தால் போதும். இம்பாக்ட் டிரில்லோடு நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டிய லிண்டலில் இது சில நொடிகளில் இறங்கிவிடும். இதற்குப் பிட்டும் தனி. எஸ்.டி.எஸ். பிளஸ் என்ற பள்ளம் வெட்டிய 10 மி.மீ. தண்டு உள்ள பிட்டுகள்தான் இதில் பொருந்தும். பாஷ் நிறுவனம் 1975-ல் கொண்டுவந்த எஸ்.டி.எஸ். அமைப்பு இன்று எல்லாக் கம்பெனி மெஷினிலும் இருக்கிறது. சாவி போட்டு இறுக்க வேண்டாம், உள்ளே தள்ளினால் பிடித்துக்கொள்ளும், அடி விழும்போது பிட் முன்பின்னாக நகர இடமும் இருக்கும்.

இதையே எல்லோரும் வாங்கிவிடலாமே என்றால், இரண்டு தடைகள் உண்டு. இதன் எடை இரண்டரைக் கிலோவை ஒட்டி வரும், நாற்காலி மேல் ஏறி நின்று பிடிக்கப் பழகாத கைக்கு அது பாரம். நாலரை அங்குலச் செங்கல் சுவரில், அதாவது இரண்டு அறைகளுக்கு நடுவே எழுப்பும் ஒற்றைக்கல் சுவரில், இதன் ஹேமரை முழுசாக ஓட்டினால் அடுத்த அறைப் பூச்சு தட்டாகப் பெயர்ந்து விழலாம். பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளில் இன்னும் மோசம், ஓட்டை கேட்டால் குழி கிடைக்கும். அந்த வீடுகளில் இம்பாக்ட் டிரில்லின் ஹேமரைக்கூட அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் மெல்லக் குடைவதே நல்லது. ஏ.ஏ.சி. பிளாக்குக்கும் ஹேமர் வேண்டவே வேண்டாம்.

என் கணக்கு இதுதான். செங்கல் அல்லது ஃபிளை ஆஷ் கல் வீடு என்றால் 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்) வைத்த, வயரோடு கூடிய, 500 முதல் 700 வாட் வரையுள்ள இம்பாக்ட் டிரில் வாங்குங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் ரிவர்ஸும் கட்டாயம் இருக்க வேண்டும். மைவான் வீடு என்றால் சின்ன ரோட்டரி ஹேமரைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள், இம்பாக்ட் டிரில் வாங்கினால் ஒரே மாதத்தில் அதை வெறுத்துவிடுவீர்கள். சுவரையே தொடாமல், கட்டில் பூட்டுவது, கதவுக்கீல் இறுக்குவது, அலமாரியைக் கோத்து நிறுத்துவது போன்ற மரவேலைகள் மட்டும் செய்பவருக்குப் பேட்டரி டிரில்லைவிடச் சுகமானது வேறில்லை.

பேட்டரி டிரில்லைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏமாற்று அதிகம் நடக்கும் இடம் அது. இவற்றின் பேட்டரிக்குள் லித்தியம் அயான் செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு செல்லும் வழக்கமாக 3.6 வோல்ட், முழுதாக ஏற்றியதும் 4.2 வோல்ட். ஐந்து செல் கோத்தால் 18 வோல்ட். அதையே ஒரு கம்பெனி செல்லுக்கு 4 என்று கணக்குப் போட்டு 20 வோல்ட் என்கிறது, இன்னொரு கம்பெனி 4.2 என்று வைத்து 21 வோல்ட் என்கிறது. மூன்றும் ஒரே பேட்டரிதான். 12 வோல்ட் என்பது மூன்று செல். இதோடு நின்றால் பரவாயில்லை. ஆன்லைனில் 48 வி.எஃப்., 88 வி.எஃப். என்று ஒட்டி விற்கும் மெஷின்களைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் அதே ஐந்து செல்தான் இருக்கும். ஸ்டிக்கரில் இருக்கும் எண் யாருக்கும் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

வோல்ட்டோடு ஆம்ப்பியர் ஹவரையும் பெருக்கிப் பாருங்கள். 18 வோல்ட், 2 ஆம்ப்பியர் ஹவர் என்றால் 36 வாட் ஹவர், எவ்வளவு நேரம் வேலை நடக்கும் என்பதற்கான கணக்கு அதுதான். மரத்தில் ஸ்க்ரூ இறுக்க 12 வோல்ட் போதும், கைக்கும் அடக்கமாக இருக்கும். செங்கல் சுவரில் அவ்வப்போது 6, 8 மி.மீ. ஓட்டை போட வேண்டும் என்றால் ஹேமர் வசதியுள்ள 18 வோல்ட் மெஷினைப் பாருங்கள். பேட்டரி வகைக்கு நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. வருடத்தில் நாலு தரம்தான் டிரில்லை எடுப்போம், மற்ற நாளெல்லாம் பேட்டரி பரணில் வெந்துகொண்டிருக்கும். முழுதாக ஏற்றியோ முழுதாக வடியவிட்டோ, சித்திரை வெயிலில் கொதிக்கும் லாஃப்ட்டில் போட்டு வைத்தால் அது சீக்கிரம் செத்துவிடும். பாதி சார்ஜில், பீரோவின் கீழ்த்தட்டில் வைப்பது நல்லது. மாற்றுப் பேட்டரி தனியாகக் கிடைக்காத பெயர் தெரியாத கம்பெனியாக இருந்தால், பேட்டரியோடு மெஷினும் குப்பைக்குத்தான் போகும். எப்போதாவது எடுக்கிற வீட்டுக்கு வயர் வைத்த மெஷினே புத்திசாலித்தனம் என்று நான் சொல்வது இதனால்தான். பத்து வருடம் தூங்கி எழுந்தாலும் பிளக்கைச் சொருகியதும் ஓடும்.

பேட்டரி வரிசையிலேயே இம்பாக்ட் டிரைவர் என்று ஒன்று இருக்கும். பெயரில் இம்பாக்ட் இருப்பதால் சுவரைக் குடையும் என்று நினைத்துவிடாதீர்கள். அது நீளமான ஸ்க்ரூவையும் போல்ட்டையும் இறுக்கும் மெஷின், அதன் அடி பக்கவாட்டில் விழுவது.

வயர் வைத்த கை டிரில்லுக்கு வயது நூற்றுக்கு மேல். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டின் ஃபைன் நிறுவனம் 1895-ல் கையில் தூக்கிப் போகிற மின் டிரில்லைச் செய்தது. துப்பாக்கிப் பிடியும் விசையும் வைத்த வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917-ல் காப்புரிமை பெற்றது. கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் அத்தனை கம்பெனி மெஷின்களும் இன்றும் அந்தப் பிடியைத்தான் பிடித்திருக்கின்றன. அதனால் வடிவத்தில் புதுமை என்று விற்பனையாளர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டால் போதும்.

வாட் என்பது மெஷின் இழுக்கும் மின்சாரம். பிட்டின் முனையில் கிடைக்கும் பலம் அதைவிடக் குறைவு, எவ்வளவு குறைவு என்பது மோட்டார், கியர் தரத்தைப் பொறுத்தது. நல்ல கம்பெனியின் 550 வாட் மெஷின் ஊர்பேர் தெரியாத 1,000 வாட்டைத் தோற்கடிப்பது சாதாரணமாக நடக்கும். வீட்டின் 6 ஆம்ப்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரை தாங்கும் என்பதால் இந்த மெஷின்களுக்குப் பவர் பிளக் தேட வேண்டியதில்லை. 13 மி.மீ. என்று எழுதியிருப்பது சக் கவ்வும் பிட்டின் அதிகபட்ச அளவு. எந்தப் பொருளில் எவ்வளவு பெரிய ஓட்டை போடலாம் என்பதைக் கான்கிரீட், இரும்பு, மரம் என்று தனித்தனியாக வேறு இடத்தில் போட்டிருப்பார்கள். அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். மெஷினின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் உள்ளது, அதில் எர்த் பின் இல்லாமல் இரண்டு பின் பிளக் வருவது குறையல்ல.

விசையை அழுத்த அழுத்த வேகம் கூடும் வசதியை நான் ஏன் கட்டாயம் என்கிறேன் என்றால், வழுவழுப்பான எந்தப் பரப்பிலும் ஓட்டையைத் தொடங்குவதே அதை நம்பித்தான். முழு வேகத்தில் டைலில் வைத்தால் பிட் சறுக்கிக்கொண்டு ஓடிக் கோடு இழுத்துவிடும். இரும்புக்கும் வேகம் குறைவாக வேண்டும். சாதா இரும்பில் 6 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 1,300 சுற்று போதுமானது, எவர்சில்வர் என்றால் அதற்கும் கீழே. 2,800-ல் ஓட்டினால் பிட் நீலம் பாய்ந்து முனை மழுங்கிப் போகும். ரிவர்ஸ் எதற்கு என்றால், சிக்கிக்கொண்ட பிட்டை வெளியே எடுக்கவும் ஸ்க்ரூவைக் கழற்றவும்.

மெஷினில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்து அதை நல்ல பிட்டுகளில் போடுங்கள் என்பேன். பெட்டியோடு இலவசமாக வரும் பிட்டுகள் பெரும்பாலும் கண்காட்சிக்குத்தான். சுவர் பிட்டின் நுனியில் அம்பு முனை மாதிரி டங்ஸ்டன் கார்பைடுத் துண்டு ஒன்றைப் பற்ற வைத்திருப்பார்கள். சுவரைத் தின்பது அதுதான், பின்னால் இருக்கும் முறுக்குத் தண்டின் வேலை தூளை வெளியே தள்ளுவது மட்டுமே. மட்டமான பிட்டில் அந்தத் துண்டு சூட்டில் கழன்று விழும். கான்கிரீட்டுக்குள் கம்பியில் முட்டினாலும் உடையும். தூள் வராமல், சத்தம் கிறீச்சென்று மாறி, பளபளப்பாக ஏதாவது தெரிந்தால் கம்பியைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், நிறுத்தி ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். இரும்பு பிட் என்கிற எச்.எஸ்.எஸ். பிட்டைச் சுவரில் வைத்தால் ஒரே ஓட்டையில் அதன் கதை முடிந்துவிடும். சுவர் பிட்டை மரத்தில் வைத்தால் ஓட்டை விழும், விளிம்பு பிய்ந்திருக்கும். மரத்துக்கு நடுவில் ஊசிமுனை உள்ள பிட் தனியாக விற்கிறது. தேக்கு நிலையில் 8 நம்பர் ஸ்க்ரூ இறக்குவதற்கு முன் 3 மி.மீ. பிட்டால் வழி போட்டுவிட்டால் மரம் வெடிக்காது, ஸ்க்ரூவின் தலையும் மழுங்காது.

குளியலறை டைலுக்குத் தனி மரியாதை வேண்டும். ஹேமரை முதலில் அணைத்துவிடுங்கள். இதை மறந்தவர்களின் வீட்டில் விரிசல் விட்ட டைலுக்கு மேல் துவாலைக் கம்பி தொங்குவதைப் பார்க்கலாம். சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைலுக்கு ஈட்டி முனை கார்பைடு பிட் போதும். விட்ரிஃபைட் டைல், கிரானைட் இரண்டுக்கும் உள்ளே குழாய்போல் இருக்கும் வைரத்தூள் பிட்தான் சரி. மெல்லிய வேகத்தில், தண்ணீர் தெளித்துக்கொண்டே குடைய வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீர் மெஷினுக்குள் போகக் கூடாது. அதனால் ஈரத்துணியால் அடிக்கடி பிட்டைத் தொட்டு ஆற்றுவது வீட்டுக்கு உகந்த வழி. டைலின் ஓரத்தையும் மூலையையும் ஒட்டி ஓட்டை போடாதீர்கள். தட்டினால் கடகடவென்று வெற்றிடச் சத்தம் வரும் டைலை விட்டே விடுங்கள்.

ஓட்டை போட்டால் மட்டும் ஸ்க்ரூ நிற்காது, உள்ளே பிளக் வேண்டும். அந்தக் காலத்தில் சுவரை உளியால் கொத்தி மரக்கட்டை இறுக்கி அதில் ஆணி அடித்தார்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைக் கெடுக்காமல் மின் சாதனங்களை மாட்ட வேண்டிய வேலை வந்தபோது, ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் 1911-ல் நார்க்குழாய் பிளக் ஒன்றைச் செய்தார். நம் எலெக்ட்ரீஷியன்கள் வாயில் இன்றும் இருக்கும் ராவல் பிளக் அவர் பெயரில் வந்ததுதான். இப்போது நாம் வாங்கும் பிளாஸ்டிக் வடிவத்தை ஜெர்மனியின் ஆர்ட்டூர் ஃபிஷர் 1958-ல் நைலானில் செய்தார். ஸ்க்ரூ உள்ளே போகும்போது பிளக் விரிந்து சுவரை நெருக்குகிறது, பிடிமானம் அந்த நெருக்கத்தில் இருக்கிறது.

இங்கே பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. உள்சுவரின் பூச்சு அரை அங்குலம் இருக்கும், பூச்சுக்குப் பலம் கிடையாது. ஓர் அங்குல பிளக்கைப் போட்டால் அதில் பாதி பூச்சிலேயே உட்கார்ந்துவிடும், மீதி அரை அங்குலம்தான் செங்கல்லைப் பிடிக்கும். படம் மாட்ட அது போதும், புத்தக அலமாரிக்குப் போதாது. கடையில் 35×8 என்று கேட்டால் 35 மி.மீ. நீளம், 8 நம்பர் கனம் உள்ள ஸ்க்ரூ வரும், அதற்கு 6 மி.மீ. பிளக், 6 மி.மீ. பிட். கனமான சாமானுக்கு இன்னும் நீளமான, தடித்த ஸ்க்ரூவாகப் போய், 8 மி.மீ. பிளக் போடுங்கள். ஓட்டை பிளக்கின் நீளத்தைவிட அரை அங்குலம் ஆழமாக இருக்கட்டும். எவ்வளவு ஆழம் என்பதற்குப் பிட்டின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். உள்ளே தங்கும் தூளை ஊதியோ உறிஞ்சியோ வெளியேற்றாவிட்டால் பிளக் முழுதாக இறங்காது. கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவிலுள்ள சாந்துக் கோட்டில் பிட் விழுந்துவிட்டால் பிளக் சுற்றும். அப்போது குச்சியைச் செருகிச் சமாளிக்காமல் ஓர் அங்குலம் தள்ளிப் புதிதாகப் போட்டுவிடலாம்.

எங்கே போடக் கூடாது என்பது எங்கே போடலாம் என்பதைவிட முக்கியம். நம் வீடுகளில் சுவருக்குள் பி.வி.சி. பைப்பில் வயர் ஓடுகிறது. சுவிட்ச் போர்டிலிருந்து நேரே மேலே, சில சமயம் நேரே கீழே, அல்லது ஒரு போர்டிலிருந்து இன்னொன்றுக்குப் படுக்கையாகப் போகும். அந்தக் கோடுகளில் கை வைக்காதீர்கள். குழாய், ஷவர், கீசர் ஆகியவற்றுக்கு நேர் மேலும் கீழும் தண்ணீர் பைப் இருக்கும். வீடு கட்டும்போது பூச்சுக்கு முன் எடுத்த ஃபோட்டோ கையிலிருந்தால் அது பொக்கிஷம், இல்லாதவர்களுக்கு வயர் காட்டும் டிடெக்டர் கருவி விலைக்கு வருகிறது. சந்தேகமான சுவரில் வேலை செய்யும்போது அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, வேறு சர்க்யூட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி டிரில் உள்ளவர்கள் மெயினையே அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் நிம்மதியாகப் போடலாம். மேல்தளத்தில் துணிக்கொடி மாட்டுபவர்கள் ஃபேன் கொக்கிக்கும் சுவிட்ச் போர்டுக்கும் இடையில் ஓடும் வழியை விட்டு விலகி, ஒன்றரை அங்குல ஆழத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தளத்துக்குள்ளும் பைப் போகிறது.

கண்ணாடி போடாமல் தலைக்கு மேலே ஓட்டை போடுவது மடத்தனம். காகித டீக் கப்பின் அடியைத் துளைத்துப் பிட்டில் கோத்துக்கொண்டால் தூளில் பெரும்பகுதி கப்பிலேயே விழும். கான்கிரீட் தூளில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்கு ஆகாது, முகமூடியும் போடுங்கள். துண்டு, துப்பட்டா, தொங்கும் முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் சுற்றும் சக்கின் பக்கம் போகக் கூடாது. துணிக் கையுறையும் ஆபத்துதான், நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். பக்கவாட்டில் மாட்டும் கைப்பிடியைப் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். பிட் திடீரென்று சிக்கினால் மெஷின் மணிக்கட்டைத் திருகும், அதைத் தடுப்பது அந்தப் பிடிதான்.

வாங்கப் போகும்போது கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனை இருக்கிறது, மற்ற ஊர்களில் பெரிய ஹார்டுவேர் கடைகள் இருக்கின்றன. நல்ல பிட் ஒன்றை மாட்டி ஓடவிட்டு நுனி வட்டமடித்து ஆடுகிறதா என்று பாருங்கள், ஆடினால் சக் சரியில்லை. சாவி போட்டு இறுக்கும் சக் பழைய பாணிதான், ஆனால் ஹேமர் வேலைக்கு அதன் பிடி உறுதி. கையால் திருகும் சக், பிட்டை அடிக்கடி மாற்றுபவருக்குச் சௌகரியம். கார்பன் பிரஷ் உங்கள் ஊரில் கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று கேளுங்கள். மோட்டாருக்குள் முதலில் தேய்வது அந்தப் பிரஷ்தான், சொற்பக் காசில் மாற்றிவிடலாம். பிரபல கம்பெனிகளின் பெயரில் போலிகளும் உலவுவதால் பில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை நாலு ஓட்டை மட்டும் போடுகிறவருக்கு மெஷினே தேவையில்லை. பல ஊர்களில் ஹார்டுவேர் கடைக்காரர்களும் சென்ட்ரிங் சாமான் கொடுப்பவர்களும் ஹேமர் மெஷினை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். லிண்டலில் திரைக்கம்பி வேலையை மொத்தமாக ஒரே நாளில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சொந்த மெஷின் இருந்தாலும் ஊஞ்சல் கொக்கி, குழந்தைக்குத் தூளி கட்டும் வளையம் இரண்டையும் பிளாஸ்டிக் பிளக்கில் நம்பித் தொங்கவிடாதீர்கள். ஆடும் பாரம் பிளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே உருவிவிடும். அதற்குக் கான்கிரீட்டில் இறங்கும் இரும்பு ஆங்கர் போல்ட் வேண்டும், எந்த பீமில், எவ்வளவு ஆழத்தில் என்பதை மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டே செய்யுங்கள்.